நிச்சயதார்த்த ஆல்பத்தில் முகம் மட்டும் சாம்பல் பூத்தது ஏன்?

கேள்வி: எனக்கு 26 வயது, திண்டுக்கல். மாநிறத்தைவிட ஒரு பிடி கருப்பு. தை மாதம் கல்யாணம். ஆவணியில் நடந்த நிச்சயதார்த்தத்துக்கு பார்லரில் மேக்கப் போட்டார்கள். அங்கே கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. ஆல்பம் வந்ததும் பார்த்தால் முகம் சாம்பல் பூத்திருக்கிறது, கழுத்து வேறு யாருடையதோ போல இருக்கிறது. கேட்டதற்கு, "உங்க அண்டர்டோன் தெரியாம ஃபவுண்டேஷன் எடுத்துட்டோம்" என்றார்கள். அன்றிலிருந்து அண்டர்டோன், அதாவது தோலின் அடிச்சாயல், என்னவென்ற ஆராய்ச்சிதான். மணிக்கட்டு நரம்பைப் பார்த்தால் இடது கையில் பச்சை, வலது கையில் நீலம். அத்தை மகள் "நீ வார்ம்" என்கிறாள். போனில் இருக்கும் ஆப் "டைப் 5, கூல்" என்கிறது. இதற்கிடையில் கலர் கூடுவதற்காக மெடிக்கலில் வாங்கிய ஒரு க்ரீமை மூன்று மாதமாக இரவில் போட்டுவருகிறேன். கன்னம் லேசாகச் சிவந்திருக்கிறது, வெயிலில் போனால் எரிகிறது. அம்மாவுக்குச் சந்தோஷம். முகூர்த்தப் புடவை அரக்கா, வெங்காயக் கலரா என்று வீட்டில் சண்டை வேறு. என் அண்டர்டோனை வீட்டிலேயே நானே கண்டுபிடிக்க முடியுமா மேடம்?

பதில்: முடியும். ஆனால் அதற்கு முன்னால் அந்த க்ரீமைப் பற்றிப் பேசிவிடுவோம். போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே கவலை தந்த வரி அதுதான்.

டியூபை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. அட்டையில் இடது ஓரமாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. இந்த க்ரீம்களைப் போட்ட முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் எல்லோரும் மயங்கிவிடுகிறார்கள். பிறகு தோல் மெலிந்து, அடியிலிருக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். கன்னம் சிவப்பதும் வெயிலில் எரிவதும் அந்தக் கட்டத்துக்கான அறிகுறிகள். அம்மா நினைப்பதுபோல அது கலர் ஏறுவதில்லை. நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் கொப்பளித்துச் சிவந்து பழிவாங்கும். தொடர்ந்து போட்டாலோ இன்னும் மோசமாகும். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். கல்யாண மேக்கப் எடுப்பாக உட்காருவதற்கும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மெலிந்து எரிகிற தோலில் எந்த விலை ஃபவுண்டேஷனும் நிற்காது.

ஆப் உங்களைக் 'கூல்' என்றதற்கும் இந்தச் சிவப்பு காரணமாக இருக்கலாம். அதற்குத் தெரிந்தது கேமராவில் விழுந்த கன்னம் மட்டும். 'டைப் 5' என்பதோ முற்றிலும் வேறு கணக்கு. 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், சோரியாசிஸ் நோயாளிகளுக்குப் புறஊதா ஒளிச் சிகிச்சையில் எவ்வளவு டோஸ் தரலாம் என்று முடிவுசெய்ய ஒரு வரிசை வகுத்தார். வெயில் பட்டால் தோல் எரிகிறதா, கருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. முதலில் வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள் மட்டும் இருந்தன. பழுப்பு, கருப்புத் தோலுக்கான 5, 6 பிற்பாடுதான் சேர்ந்தன. அண்டர்டோனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் காட்டுகிற ஆப்பை நான் நம்ப மாட்டேன்.

சரி, முகம் ஏன் சாம்பலானது? பார்லரில் சொன்னது பாதி உண்மை. ஃபவுண்டேஷனில் நிறம் தருபவை பெரும்பாலும் நான்கே பொருட்கள்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, மஞ்சள், சிவப்பு, கருப்புக்கு அயர்ன் ஆக்ஸைடுகள். ஷேடு வெளுக்க வெளுக்க அதில் வெள்ளை கூடும், மற்ற மூன்றும் குறையும். கருத்த பரப்பின்மேல் மெல்லிய வெள்ளை படர்ந்தால் கண்ணுக்கு அது நீலச்சாம்பலாகத்தான் தெரியும். திருநீறு பூசிய நெற்றி எப்படித் தெரிகிறதோ அப்படி. மணப்பெண் என்றாலே இரண்டு ஷேடு வெளுப்பாகப் போடுவது எங்கள் தொழிலில் பலருக்குக் கைப்பழக்கம். பெண்ணின் வீட்டாரே கேட்பதும் உண்டு, "கொஞ்சம் தூக்கலா போடும்மா" என்று. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். கழுத்து வேறு, முகம் வேறு என்று ஆனதே அதற்குச் சாட்சி. அண்டர்டோன் மட்டும் தவறியிருந்தால் முகம் ஆரஞ்சாகவோ ரோஸாகவோ தெரிந்திருக்கும். கழுத்தோடு வெளுப்பில் இவ்வளவு இடைவெளி விழுந்திருக்காது. ஆக, முதலில் அடர்த்தி, அதாவது நிறம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருப்பு என்பது, சரியாக இருக்க வேண்டும், அண்டர்டோன் அதற்கு அடுத்தது. இந்த வரிசை மாறினால் எந்த டெஸ்ட்டும் உதவாது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், ஒரே மாநிறமுள்ள அக்கா தங்கையைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். ஒருத்தி தோலில் மஞ்சள் மினுங்கும், இன்னொருத்தியிடம் சிவப்போ ஊதாவோ தெரியும். வெயிலில் அலைந்தால் இருவருமே கருப்பார்கள், நிழலில் இருந்தால் தெளிவார்கள். அந்தச் சாயல் மட்டும் பெரிதாக மாறாது. தோலின் மெலனின், அடியில் ஓடும் இரத்தத்தின் சிவப்பு, உணவிலிருந்து சேரும் கரோட்டின் மஞ்சள் எல்லாம் கலந்து வருகிற சாயல் அது. மஞ்சள், தேன் பக்கம் சாய்ந்தால் வார்ம். ரோஸ், ஊதா பக்கம் சாய்ந்தால் கூல். எந்தப் பக்கமும் சாயாவிட்டால் நியூட்ரல். மஞ்சளோடு கொஞ்சம் பச்சை ஓடினால் ஆலிவ். நம் ஊரில் ஆலிவ் நிறையப் பேருக்கு உண்டு, ஆனால் பெயர் சொல்லி யாரும் அடையாளம் காட்டுவதில்லை என்பதால் "எனக்கு எந்த ஃபவுண்டேஷனும் செட் ஆகலை" என்று அலைகிறார்கள். கூல் என்றால் சிவந்த நிறம், வார்ம் என்றால் கருப்பு என்று ஒரு கதையும் உலவுகிறது. அட்டக் கருப்பிலும் கூல் உண்டு, பால் போன்ற வெளுப்பிலும் வார்ம் உண்டு.

பச்சை தெரிந்தால் வார்ம், நீலம் தெரிந்தால் கூல் என்கிற நரம்பு டெஸ்ட் உங்களைக் குழப்பியதில் ஆச்சரியம் இல்லை. நரம்புக்குள் ஓடுவது கருஞ்சிவப்பு இரத்தம்தான். ஒளி தோலில் சிதறுவதால் மேலிருந்து பார்க்க நீலமாகத் தெரிகிறது. நம்முடைய பழுப்புத் தோலில் மெலனின் அதிகம். அது நீல ஒளியை விழுங்கிவிடுவதால் நரம்பு பச்சைப் பக்கம் போய்விடும். எனவே பச்சை தெரிந்தால் உடனே வார்ம் என்று எழுதிவிட முடியாது. நரம்பு எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும், அதனால்தான் உங்கள் இரண்டு கையும் இரண்டு பதில் சொல்லின. வெளுத்த தோலில் ஓரளவு உதவும் டெஸ்ட் இது. நமக்கு விட்டுவிடலாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முகம் இப்போது சிகிச்சையில் இருக்கும் என்பதால் முகத்தைப் பார்க்காதீர்கள். காறை எலும்புக்குக் கீழே, ரவிக்கை மறைக்கிற நெஞ்சுப் பகுதியைப் பாருங்கள். க்ரீம் படாத, வெயில் படாத தோல் அங்கேதான் இருக்கிறது. கழுத்தை நம்ப வேண்டாம். நம்மில் பலருக்குக் கழுத்து மடிப்பு மட்டும் கருத்து, தொட்டால் வெல்வெட் போல இருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் தேய்த்துக் கழுவிப் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம், தோல் மருத்துவரிடம் போகும்போது அதையும் காட்டிச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே மஞ்சள் தேய்த்துக் குளிப்பதை நிறுத்துங்கள். மஞ்சள் ஏறிய தோல் எல்லோரையும் வார்ம் என்றுதான் காட்டும். குளித்துவிட்டு உடனே பார்த்தால் வெந்நீரின் சிவப்பு இருக்கும், ஒரு மணி நேரம் போகட்டும். காலை ஒன்பது பத்து மணிக்கு, நேர் வெயில் விழாத வெளிச்சத்தில் நில்லுங்கள். மொட்டை மாடி நிழல் நல்லது. வீட்டுக்குள் என்றால் சுவரைப் பாருங்கள். நம் வீடுகளில் பச்சையும் ரோஸும் அடித்த சுவர்கள் அதிகம், அந்த நிறம் அப்படியே தோலில் விழும். டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போன் கேமரா வேண்டாம், கண்ணாடி போதும். போன் தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும், பியூட்டி ஃபில்டரை அணைத்தாலும் கொஞ்சம் மெழுகத்தான் செய்யும்.

தேவையானது இரண்டு துணி. ஒன்று, சொட்டு நீலம் போட்டு வெளுத்த அப்பாவின் வெள்ளை வேட்டி. இன்னொன்று, சலவை காணாத காடாத் துணி, பழுப்பேறிய அந்த நிறம். இரண்டுமே வெள்ளை என்று சொல்லக்கூடியவைதான். ஆனால் வேட்டியின் வெள்ளை நீலத்தில் நிற்கிறது, காடாவின் வெள்ளை மஞ்சளில் நிற்கிறது. வேட்டியை மடித்து நெஞ்சுக்கு மேல் தாவணி போல் போர்த்திப் பாருங்கள், எடுத்துவிட்டு உடனே காடாவைப் போர்த்துங்கள். மாற்றி மாற்றி, நிதானமாக. துணியைப் பார்க்காதீர்கள். துணிக்கு மேலே ஒட்டினாற்போல் இருக்கும் தோலைப் பாருங்கள். அங்கே தோல் ஒரே சீராகத் தெளிகிறதா, அல்லது திட்டுத் திட்டாக மங்குகிறதா? வேட்டியில் தெளிந்து காடாவில் சோகை பிடித்ததுபோல் வெளிறினால் கூல் பக்கம். காடாவில் மினுமினுத்து வேட்டியில் அழுக்காகத் தெரிந்தால் வார்ம் பக்கம். இரண்டிலும் நன்றாக இருந்தால் நியூட்ரல். இரண்டிலும் பெரிதாக எடுக்கவில்லை, வேட்டிக்குப் பக்கத்தில் தோலில் லேசாகப் பச்சை ஓடுகிறது என்றால் ஆலிவ். முகம் சரியான பிறகு இதையே முகத்துக்குச் செய்யும்போது கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தையும் வாய் ஓரத்தையும் கவனியுங்கள். பொருந்தாத துணி அந்த இரண்டு இடத்தையும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கூட ஒருவரை நிற்க வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அத்தை மகள் வேண்டாம். அவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்!

சந்தேகம் தீரவில்லையென்றால் பீரோவைத் திறங்கள். ஒரே நிறத்தின் இரண்டு சாயலை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் மிளகாய்ப்பழச் சிவப்பும் ராணி பிங்க்கும். பச்சையில் கிளிப்பச்சையும் மயில்கழுத்தும். ஒவ்வொரு ஜோடியிலும் முன்னது எடுத்தால் வார்ம் பக்கம், பின்னது எடுத்தால் கூல் பக்கம். நீங்கள் தேடும் பதில் சிவப்பு ஜோடியில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ராணி பிங்க்கில் தோல் பச்சையடித்தால் ஆலிவ் என்ற சந்தேகம் உறுதியாகும்.

தங்கமா வெள்ளியா என்று வைத்துப் பார்க்கும் டெஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காது குத்திய நாளிலிருந்து நம்மை நாமே தங்கத்தோடுதான் பார்த்துவருகிறோம். தங்கம் பொருந்துகிறது என்று கண் சொல்லும், பழக்கம் அப்படி. செய்வதானால் நகையைக் கழற்றிவிட்டு, வெள்ளிக் கொலுசைக் காறை எலும்பில் வைத்துப் பாருங்கள். அதில் தோல் சாம்பலடித்தால் வார்ம் பக்கம் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

கடிதத்தில் நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து அண்டர்டோன் சொல்வது என்னால் முடியாது, சொல்லவும் கூடாது. இரண்டு மணிக்கட்டும் இரண்டு நிறம் காட்டுவதும், ஒருவர் வார்ம், ஒரு ஆப் கூல் என்பதும் நியூட்ரல் அல்லது ஆலிவ் ஆட்களுக்கு அடிக்கடி நடக்கும். எனவே வேட்டி டெஸ்ட்டில் தெளிவான பதில் வராவிட்டால் தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி செய்யாதீர்கள். 'நடுவில்' என்பதும் பதில்தான், அதற்கென்றே ஷேடுகள் இருக்கின்றன.

அடுத்தது ஃபவுண்டேஷன். கடையில் மணிக்கட்டிலோ புறங்கையிலோ தடவிப் பார்ப்பதால் பயனில்லை. ஸ்கூட்டியில் போய்வருகிறவர் என்றால் கை வெயிலில் கருத்திருக்கும். முகம் சரியானதும், ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் மூன்று ஷேடுகளைத் தாடை ஓரத்தில் விரலகலக் கோடுகளாக, கழுத்தை நோக்கி இழுங்கள். கடைக்குள் இருக்கும் விளக்கில் முடிவெடுக்காமல் வாசலுக்கு வாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் ஷேடு. ஆனால் அப்போதே வாங்காதீர்கள். சில ஃபவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேடு கருக்கும். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், அதற்குள் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

குப்பியில் உள்ள எழுத்துகளும் ஏமாற்றும். பெரும்பாலான கம்பெனிகளில் டபிள்யூ என்றால் வார்ம், சி என்றால் கூல், என் என்றால் நியூட்ரல். மேக் (MAC) கம்பெனியில் மட்டும் தலைகீழ். அங்கே என்சி என்பது மஞ்சள் சாயல் தோலுக்கு, என்டபிள்யூ ரோஸ் சாயல் தோலுக்கு. எழுத்தை மட்டும் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் செய்து ஏமாந்தவர்கள் ஏராளம். ஆலிவ் என்று தெரிந்தால் ரோஸ் கலந்த ஷேடுகளை விட்டுவிடுங்கள். அவை உங்கள் மீது முகமூடி போல் தனியாக நிற்கும். அதிக மஞ்சளும் வேண்டாம், மஞ்சக்காமாலை வந்தவர் போல் ஆகிவிடும். கருவளையத்துக்கு வெளுப்பான கன்சீலரை நேராகப் போட்டால் அங்கேயும் சாம்பல்தான். அடியில் மெல்லிசாக ஆரஞ்சு கரெக்டர் போட்டு, அதன் மேல் உங்கள் ஷேடிலேயே கன்சீலர் போடச் சொல்லுங்கள்.

புடவைச் சண்டைக்கு வருவோம். அரக்கு பக்கம்தான் நான். உங்கள் நிறத்துக்கு அரக்கின் ஆழம் நல்ல எடுப்புத் தரும், அண்டர்டோன் எதுவானாலும் பெரிதாக ஏமாற்றாது, சரிகையும் துலங்கும். வெங்காயக் கலர் அப்படியில்லை. கடைக்குக் கடை அந்தப் பெயரில் வேறு வேறு நிறம் காட்டுவார்கள். சின்ன வெங்காயத் தோல் போல ஊதா கலந்த ரோஸ் ஒன்று. செம்பு கலந்த ரோஸ் இன்னொன்று. முதலாவது கூல் ஆட்களுக்கு அழகு, வார்ம், ஆலிவ் ஆட்களை வாடவைக்கும். இரண்டாவது நடுவில் இருப்பவர்களுக்கும் ஒத்துப்போகும். உங்கள் வீட்டில் வெங்காயக் கலர் கேட்பவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். கடையில் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார், அது அவர்களுக்குப் பழக்கம்தான். முகூர்த்தத்துக்கு அரக்கும், வரவேற்புக்குச் செம்பு கலந்த வெங்காயக் கலரும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு கட்சியும் சமாதானம் ஆகும்.

மேக்கப் ட்ரையலுக்கு முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே நாள் குறித்துவிடுங்கள், தோல் மருத்துவர் சரியென்று சொன்ன பிறகு. முகூர்த்தப் புடவையின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போங்கள். மேக்கப் முடிந்ததும் மண்டபத்தில் அடிக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும், வெளியே பகலிலும், ஃபிளாஷ் போட்டும் மூன்று படம் எடுத்துப் பாருங்கள். ஃபிளாஷ் படத்தில் மட்டும் முகம் வெளுத்தால் அடியில் போட்ட சன்ஸ்க்ரீனோ பவுடரோ வெள்ளையாகத் தெறிக்கிறது என்று அர்த்தம், முகூர்த்தத்தன்று அதை மாற்றச் சொல்லுங்கள். உட்கார்ந்த உடனேயே அவரிடம் சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: "என் நெஞ்சு நிறத்துக்கு மேட்ச் பண்ணுங்க, தூக்க வேண்டாம்." அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்.